பிஸ்கட் டப்பாவில் ஆறு மாத்திரைகள்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பியைக் கொல்லப் பார்த்தவன் நான். சொத்துத் தகராறு எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் செய்தேன்.

கம்பத்தில் எனக்குப் பூச்சிமருந்துக் கடை. திராட்சைத் தோட்டக்காரர்கள் இலையோடு வந்து நிற்பார்கள். "போன வருசம் இதே மருந்துக்குப் பூச்சி பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. இப்ப அடிச்சா, குளிச்சிட்டுத் தலை துவட்டுற மாதிரி நிக்குதுய்யா" என்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "மருந்தை மிச்சம் புடிக்கிறேன்னு அரை அளவா அடிச்சா, பூச்சிக்கு நீயே பாடம் நடத்துறன்னு அர்த்தம்" என்பேன். இருபது வருடமாக இதே பிரசங்கம்.

அந்தப் பிரசங்கியின் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ராமேஸ்வரத்துக்கு அப்பாவின் திதிக்குப் போனபோது எனக்கு மலேரியா வந்தது. மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாளே குளிர் நின்றது, நானும் நிறுத்தினேன். மிச்சம் ஆறு மாத்திரைகளை யாருக்காவது உதவுமே என்று டப்பாவில் போட்டேன். நம் வீடுகளில் காய்ச்சல் மாத்திரையும் ஊறுகாய் மாதிரிதான். மிச்சத்தை எடுத்து வைப்போம், கேட்டவருக்குக் கொடுப்போம்.

2004, ஐப்பசி மாதம். தம்பி பாண்டி லாரி டிரைவர். ஏலக்காய் ஏற்றிக்கொண்டு குவாஹாட்டி வரை போய்த் திரும்பியிருந்தான். வழியெல்லாம் லாரிக்கு அடியில்தான் படுக்கை. வந்த நாலாம் நாள் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அவன் மனைவி செல்வி. நான் டப்பாவைத் திறந்தேன்.

இரண்டு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. என் தலை நிமிர்ந்தது.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. இன்னும் இரண்டு. இறங்கியது, ஆனால் இந்த முறை மெதுவாக. யாரோ வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவது மாதிரி. மூன்றாம் முறை வந்தபோது கடைசி இரண்டையும் கொடுத்தேன். காய்ச்சல் அசையவே இல்லை.

தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம் டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியாதான், மூளைக்கு ஏறுகிற வகை என்றார். "இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "இல்லம்மா" என்றேன்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் டப்பாவில் இருந்த அதே குளோரோகுயின்.

படித்தவன் என்று ஊரில் பேர். நாலு பேர் முன்னால் முட்டாள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க மூடியிருந்தேன். அந்த ஒரு நாளில் பாண்டியின் கண் மஞ்சளானது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மறுநாள் மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, டயர் சூடாகுது, ஓரங்கட்டவா?" என்றான். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.

ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் தெற்கு பார்த்து ஒரு ஜன்னல். அந்தத் திசையில்தான் வீரபாண்டிக் கோயில். அங்கே நின்று கௌமாரியம்மனைக் கூப்பிட்டேன். வழக்கம்போலப் பேரம்தான். தீச்சட்டி எடுக்கிறேன், உயிரைக் கொடு என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே செல்வி அழும் சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே தெரியாமல் வேறு ஒரு வேண்டுதல் வந்தது. "ஆத்தா, என் வாயைத் திற."

அவ்வளவுதான் கேட்டேன். எழுந்தேன். கால் தானாக டாக்டரம்மாவின் அறைக்குப் போனது. நான் போகவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எனக்கு அத்தனை துணிச்சல் கிடையாது.

"அம்மா, அந்த மாத்திரை வேண்டாம். அவன் உடம்புல இருக்குற கிருமிக்கு அது பழகிப்போச்சு."

"யாரு சொன்னாக?"

"நான்தாம்மா பழக்குனேன். மூணு தடவை. ரெண்டு ரெண்டா."

பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன தொழில் பாக்குறீக?"

"பூச்சிமருந்துக் கடை."

"அப்பத் தெரிஞ்சிருக்குமே."

இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னை அடித்ததில்லை. பிறகு அவரே, "குவாஹாட்டிப் பக்கத்துல இருந்து வர்ற கிருமி பாதிப் படிப்ப அங்கனயே முடிச்சிட்டுத்தான் வருது. மிச்சத்த நீங்க முடிச்சு வச்சிருக்கீக" என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடினார். குளுக்கோஸ் பாட்டிலில் கொய்னா என்கிற குயினின் மருந்தைக் கலந்து ஏற்றினார்கள். கையிருப்பு ஒரு நாளைக்குத்தான். மீதியை மதுரையிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட, கண்டக்டர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாண்டி கண் திறந்தான். "காதுக்குள்ள லாரி எஞ்சின் ஓடுதுண்ணே" என்றான். மருந்து வேலை செய்தால் அப்படித்தான் இரையும் என்றார் டாக்டரம்மா. அந்த இரைச்சலைக் கோயில் மணியாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கிளம்பும்போது அவரிடம், "இனிமே வந்தாலும் இந்த மருந்து இருக்குல்லம்மா" என்று கேட்டேன். "இப்போதைக்கு இருக்கு" என்றார். அந்த 'இப்போதைக்கு' இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது. பாண்டி இப்போதும் குவாஹாட்டி போகிறான். அவன் திரும்பிவரும் ஒவ்வொரு முறையும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். எங்கோ ஒரு கிருமி அடுத்த பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

சித்திரைத் திருவிழாவில், தொந்தியும் நானுமாகத் தீச்சட்டி எடுத்தேன். பிஸ்கட் டப்பாவில் இப்போது விபூதி இருக்கிறது. மாத்திரை கேட்டு யார் வந்தாலும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். எழுதிக் கொடுத்ததைக் கடைசி மாத்திரை வரை விழுங்கும்வரை விடுவதில்லை. அன்பர்களே, ஆத்தாவை நம்புங்கள். அவளிடம் உயிரைக் கேளுங்கள். கூடவே உண்மை சொல்லும் வாயையும் கேளுங்கள். எனக்கு இரண்டாவதைக் கொடுத்துத்தான் முதலாவதைக் கொடுத்தாள்.

இதை எழுதி முடித்துப் பாண்டிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆத்தா என்னையக் காப்பாத்துச்சுன்னு மேல கொட்டை எழுத்துல போடு. யாருகிட்ட இருந்துன்னும் சேத்துப் போட்டுரு."