ஜெபத்தில் போட்ட சண்டை

செஞ்சியில் எங்கள் சபைக்குச் செயலாளராக இருந்தபோது, ஒரு பெண்ணை ஜெபம் பண்ணியே வெளியே அனுப்பியவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது ஞாயிறு ஆராதனையில் பாதி பெஞ்சு காலி. புதிதாக வந்த ஆயர், சபையின் எழுப்புதலுக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார். சபைக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை எழுதிப் பீடத்தில் வைத்துவிடுங்கள், பிறகு அதைப் பற்றி வாதம் வேண்டாம், ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும் என்றார். நான் நான்கு பக்கம் எழுதினேன். புதுக் கோபுரம் கட்ட வேண்டும், கோட்டை மலை மேலிருந்து பார்த்தாலும் சிலுவை தெரிய வேண்டும். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஆயிற்றே, அளவு போட்டுப் படமும் வரைந்தேன். பீடத்தில் வைக்குமுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டேன். ஆண்டவர் மறந்துவிட்டால்?

காலனியிலிருந்து வரும் ஒரு பெண்மணி இருந்தார். கூலி வேலை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். அவர் எழுதியது ஒரே வரி. தாளை மடிக்காமல் வைத்ததால் எல்லோரும் படித்தோம். ஆராதனையைச் சாயங்காலம் வைக்க வேண்டுமாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் காலை எட்டரைக்கு அவர்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கொல்லைக்காட்டில் வேலையில் இருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா காலத்திலிருந்து எட்டரை மணி ஆராதனை.

வாதம்தானே கூடாது, ஜெபிக்கலாமே. உபவாச ஜெபத்தில் அந்த ஒரு வசதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஆண்டவரிடம் சொல்லிவிட்டால் யாரும் குறுக்கே பேச முடியாது, ஆமென்தான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, கூலி வேலையே கதியென்று கிடக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்றேன். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அந்தப் பெண்மணி. அடுத்த வெள்ளி இன்னும் காரமாக, "உம்முடைய ஆலயத்தைத் தங்கள் வசதிக்கு வளைக்கப் பார்க்கிறவர்களை உடைத்துப்போடும்" என்றேன். அன்று அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பசி மயக்கத்திலும் அப்படியொரு திருப்தி.

மூன்றாம் வெள்ளி அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை, அவர் தெருவிலிருந்து ஒருவருமே வரவில்லை. "நீங்களே போய்க் கூட்டி வாங்க சார்" என்றார் ஆயர்.

நான் போனபோது வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"இன்னாம்மா, ஏன் வரல?"

"வேற யாராச்சும் திட்னா எதிர்த்துப் பேசிடுவேன் சார். நீங்க சாமிகிட்ட இல்ல சொல்றீங்க? மொத வாரம் எங்களுக்கோசரம் ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சு ஆமென் சொன்னேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, என்னைத் திட்றதுக்கு நானே ஆமென் போட்டுக்கினு இருந்திருக்கேன்."

"தப்புதாம்மா" என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்கிறேன் என்றேன். அவர் திரும்ப உட்கார்ந்து மல்லாட்டையை ஆயத் தொடங்கினார்.

ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபிக்காமல் கிளம்புவது எங்களுக்கு வழக்கமில்லை. "பண்ணுங்க சார்" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். இவர்களைத் திரும்ப சபைக்குக் கொண்டு வாரும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதையும் அவர் காதில் விழத்தான் சொல்லப் போகிறேன் என்று உறைத்ததும் நிறுத்திவிட்டேன். அவரை விட்டுவிட்டு ஆண்டவரிடம் மட்டும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமே வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடவே இல்லை. இந்த முறை எதற்கு ஆமென் சொல்ல வேண்டியிருக்குமோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.