புகை நின்றால் திறப்பது

ஓமத்தைத் தணலில் தூவினால் எழும் புகை முதலில் மூக்கைக் குத்தும், பிறகுதான் மணக்கும். என் தங்கை பிறந்த அந்த மழைக்காலம் முழுவதும், காஹாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான "லயத்தில்" எங்கள் அறை அப்படித்தான் மணந்தது.

பலகைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று வர இடைவெளி விட்டுத்தான் லயத்தைக் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்குப் பிரசவமானதும் பக்கத்து அறை முனியம்மா பெரியம்மா அதில் சாக்கைத் திணித்து, சன்னலையும் சாத்திவிட்டார். "பச்ச ஒடம்பு, காத்து பட்டா ஜன்னி வந்துரும்" என்பது அவர் தீர்ப்பு. உள்ளே சட்டியில் தணல், அதன்மேல் ஓமம். பிள்ளை இருமி இருமிப் பால் குடிப்பதையே விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் "டிரசர்" வந்து, இப்படி மூடி வைத்தால் பிள்ளை தங்காது என்று திட்டி, சாக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சாக்கு மறுபடி ஏறியது. காற்று நல்லதா கெட்டதா, யாரைத்தான் நம்புவது?

அப்பா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். கடைசியில், தாம் வேலை பார்த்த, ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் "புகைவீட்டில்" இருப்பதுபோலவே, கயிற்றை இழுத்தால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் பலகை ஒன்றைச் சாக்கு இருந்த இடத்தில் மாட்டினார். சண்டை ஓயவில்லை, கயிறு யார் கையில் என்று புதிதாகக் கிளம்பியது. பெரியம்மா தம் அறைப் பக்கம் கட்டச் சொன்னார். அப்பா வாசலோரம் கட்டப் போனார். பாயில் கிடந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கயித்த எங்கிட்ட குடுங்க. உள்ள கெடக்கறது நானும் புள்ளையுந்தானே."

பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, எதைப் பார்த்து இழுக்கிறாள், எதைப் பார்த்து விடுகிறாள் என்று துருவித் துருவிக் கவனித்தேன். ஒன்றும் பிடிபடாமல் கேட்டே விட்டேன். "பொக உள்ளயே நின்னா தொறப்பேன், வெளிய ஓடுனா சாத்துவேன்" என்றாள். அட, இவ்வளவுதானா! சில நாளில் இருமல் தணிந்தது. ஒரு காலையில் பிள்ளை சப்பிச் சப்பிப் பால் குடித்தபோது, சாக்கைத் திணித்த பெரியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த லயம் இப்போது இல்லை, ரப்பரும் இல்லை. அங்கே எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை நிற்கிறது. நான் இப்போது இருக்கும் மாசாய் நகரத்தில் என் வீட்டுச் சுவரில் மேலே விரல் நுழையவும் சந்து கிடையாது. போன வாரம் தங்கை வந்திருந்தாள்; பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் அவளும். ஏர்கோன் போட்டுக் குளிர்ந்த அறையில் சன்னலைக் கொஞ்சம் திறந்தேன். "சாத்துக்கா, எனக்குக் காத்து ஆகாது" என்றாள். அடி பாவி, அந்தக் காற்றில் பிழைத்தவளே நீதானேடி என்று வாய்வரை வந்தது. சன்னலைச் சாத்தி, ஏர்கோன் ரிமோட்டையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே படுக்கப் போகிறவள் அவள்தானே.