ஓசோனுக்குப் பயந்து வெட்டாத கிளைகள்

ஓசோன் காற்றைச் சூடாக்குகிறது என்றால், அந்த அனல் முதலில் இறங்குவது மலைச்சரிவில் இருக்கும் என் ஏலச்செடிகள் மேல்தான் என்று நம்பினேன். மலையடிவாரத்தில், போடி ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில், ஆராய்ச்சிப் படிப்புக்காக மகள் அந்தச் சூட்டைக் கணக்குப் போடுவதைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. உடனே தோட்டத்து மேஸ்திரிக்கு ஃபோன் போட்டு, செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் கை வைக்காதே என்றேன்.

"மழைக்கு முந்திக் கெளையக் கழிக்கலேன்னா ஈரம் காயாதே, அண்ணே."

"ஒரு கெளையத் தொட்டே, ஒஞ் சோலி முடிஞ்சுது!"

ஒரு வாரம் வானத்தையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் மகளிடம் விவரம் கேட்டேன்.

"தரையிலருந்து அகச்சிவப்புக் கதிரா மேல போற சூட்டுல கொஞ்சத்த ஓசோன் பிடிச்சுக்கிரும்ப்பா. அதுல அங்கன இருக்க காத்து சூடாகும்."

"அங்கனன்னா, நம்ம மலை உச்சியிலயா?"

"ஏரோப்ளேன் போறதுக்கும் மேலப்பா."

"அப்ப நம்ம தோட்டத்துச் சூடும் அங்க போகுதா?"

"போகுதே! தரைச் சூடு தெரியாம கணக்கே போட முடியாது."

வானத்துக்கு நானும் ஓர் அடுப்பு என்றதும் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. கிளைகளைக் கழிக்கச் சொல்ல ஃபோனை எடுத்தேன். அதற்குள் மலையில் மழை பிடித்துவிட்டது. அந்த வருடம், வெட்டாத கிளைகளின் நிழலில் ஈரம் காயாமல், கீழ்ச்சரிவு ஏலக்காயெல்லாம் அழுகிப்போனது.