சயாமுக்கு வழி கேட்கும் சன்னாசி

கேட்டில் நிற்கும் காவலருக்கு ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை. அந்தக் கோலத்தோடே காவலர் குனிந்து சன்னாசியின் மரப்பெட்டியைக் கிளறுகிறார். கத்தி இரண்டு, கத்தரி, முடிவெட்டும் மிஷின், படிகாரக் கட்டி, அழுக்குத் துண்டு. தோட்டத்து முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். காவலரும் நம் ஆள்தான். காக்கிச் சட்டை மாட்டியதிலிருந்து அவருக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லை.

"அரிசி இல்லண்ணே. மயிருதான் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துட்டு அனுப்புங்க" என்கிறார் சன்னாசி. சிரிப்பில்லாமல் சொல்வார். காவலரும் சிரிப்பதில்லை. மறு கன்னத்தையும் வழித்துக்கொண்டபின் கேட் திறக்கிறது. இந்தச் சவரத்துக்குக் கூலி கிடையாது என்பதை இருவரில் யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

அங்கிருந்து சைக்கிள். மலாயாவில் புக்கிட் பெலிம்பிங்கில் தொடங்கி ஜெராம் வரைக்கும் உள்ள ரப்பர் தோட்டங்களில் முறை வைத்து முடி வெட்டுகிறார். நாற்பதை இப்போதுதான் தாண்டியிருக்கிறார், பார்த்தால் அறுபது சொல்லலாம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனார்களே, அந்தக் கூட்டத்தில் போய் உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். போனவர் ஒற்றை ஆளாகப் போனார். வரும்போது கூட ஒரு பெண் வந்தாள். முகாமுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தவரின் மகள், பூன்மி. காய்ச்சலில் கிடந்தவருக்கு வாழைப்பழம் அவித்துக் கொடுத்தவள். மஞ்சள் கயிறு ஒன்றுதான் அவர்களுடைய கல்யாணத்துக்கு அத்தாட்சி. அன்றைக்கு ரயிலேறி வர எந்தக் காகிதமும் யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். அதனால் பார்க்கிறவரிடமெல்லாம் வழி கேட்பதே சன்னாசியின் வியாதி. கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிவிட்டால் உட்கார்ந்தவர் எழுந்து ஓட முடியாது. அந்த நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

"ஐயா, ஒரு சந்தேகம். பொஞ்சாதி சயாம்காரி. புருசன் நம்ம ஊரு. புருசன் அங்க போயி குடியிருக்கணும்னா என்னா வழி?"

ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். சயாம் குடிமகனாகவே மாறிவிடு என்றார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், ஏதோ சட்டை மாற்றுவது போல. சயாம் பெண்ணின் புருஷன் என்று மனுப் போட்டுத் தங்கலாம், ஆனால் அங்கே காவல் நிலையத்தில் பதிந்து வருஷா வருஷம் காசு கட்டவேண்டும் என்றார் பள்ளிக்கூட வாத்தியார். எல்லை வரைக்கும் மீன் லோரி ஓட்டுகிற ஜெராம் தங்கராஜுதான் இருக்கிற ஆசையிலும் மண்ணைப் போட்டான்.

"போறது இருக்கட்டும்ண்ணே, போயி என்னா வேலை செய்வீங்க? அங்க முடிவெட்டுறது சயாம்காரனுக்கு மட்டுந்தான். வெளிநாட்டுக்காரன் கத்தரி புடிச்சா புடிச்சு உள்ள வச்சிருவான் லா."

சன்னாசியின் கை நின்றுவிட்டது. பாதி தலையோடு தங்கராஜு காத்திருந்தான்.

"மயிரு வெட்டக்கூடவா சட்டம்?"

"மயிருக்குத்தான் மொதல்ல போட்டிருக்கான்."

ஆனால் போகத்தான் வேண்டும். போன வருஷம் இதே தங்கராஜுதான் எல்லையிலிருந்து சேதி கொண்டு வந்தான். பூன்மியின் தாய்க்குக் கண் முழுதும் போய்விட்டது, வயல் உழ ஆளில்லாமல் கிடக்கிறது, வருவதானால் இப்போது வா என்று அவள் அக்காள் ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். பூன்மி அழவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடும் சோறு பாதியாகக் குறைந்தது. மனைவியின் வயலில் கூலி வாங்காமல் இறங்குகிறவனை எந்தச் சட்டம் என்ன கேட்கும் என்று சன்னாசி தானே ஒரு வழி கண்டுபிடித்து, ஓய்வு நாட்களில் தஞ்சோங் காராங் பக்கம் போய் மலாய்க்காரர்களின் வயலில் நாற்று நடப் பழகினார். பிறந்தது முதல் நின்றே தொழில் செய்த முதுகு, குனிய மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது. வரப்பில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இதுக்கு ரயில் ரோட்டே தேவல" என்று முனகுவாராம்.

பினாங்கு வரைக்கும் போய் சயாம் தூதரகத்திலும் கேட்டார். அங்கே இருந்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார். உன் மனைவி சயாம்காரியானால் அவள் பிறந்த ஊருக்குப் போக யார் தயவும் வேண்டாம், அவளை வைத்து நீயும் தங்க மனுப் போடலாம், அவள் அடையாளக் கார்டைக் காட்டு என்றார். சன்னாசி காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நவமணி. சேலத்தில் பிறந்த இந்தியப் பெண். உன் சயாம் மனைவி எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கூத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவசரகாலம் தொடங்கி, கார்டு பதிய வெள்ளைக்கார அதிகாரி தோட்டத்துக்கு வந்தபோது தொழிலாளர் குடியிருக்கும் லயமே பயந்து கிடந்தது. பூன்மியின் முகம் சீனத்தி முகம். காட்டோரத்தில் சீன முகத்தோடு, காகிதம் இல்லாமல் ஒரு பெண் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டுக்கு உதவுகிறார்கள் என்று சீனர்களைக் கப்பல் கப்பலாகச் சீனாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி அவளுக்கு நவமணி என்று பெயர் வைத்தார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எர்னஸ்ட் பிறந்த இடமாகச் சேலம் ஜில்லாவைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் காளியம்மா தன் சேலையைக் கட்டிவிட்டு, பொட்டும் வைத்துவிட்டாள். அதிகாரிக்கு அப்படியும் சந்தேகம் தீரவில்லை. "உன் புருஷன் பெயர் என்ன?" என்று அவளையே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று காளியம்மா முன்பே பழக்கியிருந்தாள். எர்னஸ்ட் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்: தமிழ்ப் பெண், துரை, செத்தாலும் சொல்லமாட்டாள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். அன்று லயத்தில் பாயசம் வைத்தார்கள். இவ்வளவு அன்போடு ஒரு குடும்பத்துக்குக் குழி வெட்டியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கார்டைத் திருத்தினால் வழி திறக்கும். திருத்தவேண்டுமானால் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தக் காலத்தில் பொய்க் கார்டு விளையாட்டு இல்லை, ஜெயில்தான். பொய்யைச் சொன்ன நல்லசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். எர்னஸ்ட் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகுமுன் சவரத்துக்கு உட்கார்ந்தவரிடம் சன்னாசி விஷயத்தைச் சொன்னார். கிராணியின் முகம் நுரைக்குள்ளேயே வெளுத்துப்போனது.

"என் பேர இழுத்துராதய்யா சன்னாசி. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கேன். வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸும் போயிரும். அன்னிக்கு உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தாங்கய்யா. முகத்த அசைக்காதீங்க, கத்தி பட்டுரும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அதன் பிறகும் பல மாதங்கள் மனிதர் வழி கேட்டுக்கொண்டேதான் அலைந்தார். பதில் தெரிந்தபின்னும் ஒருவர் ஏன் கேட்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் எதையும் செய்யவேண்டியதில்லை அல்லவா? பாவம், அவருக்கும் களைத்துத்தான் போயிருந்தது.

போன வாரம், பொழுது சாயும் நேரத்தில், துண்டுகளை அலசிக்கொண்டிருந்த பூன்மி திரும்பாமலே கேட்டாள். இத்தனை வருஷத்துத் தோட்டத் தமிழ், சயாம் ராகத்தில்.

"நான் செத்தா நவமணின்னுதான் பொதைப்பீங்களா?"

சன்னாசி மறுநாள் பெட்டியை எடுக்காமல், அவளையும் அழைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் பஸ் ஏறினார்.

பதிவு அலுவலகத்தில் மலாய்க்காரக் குமாஸ்தா ஒருவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சன்னாசி சொல்வதை முழுதும் கேட்டுக்கொண்டார். கார்டைப் பார்த்தார், பூன்மியின் முகத்தைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். இவள் சயாம்காரி என்று எழுதிக் கொடுக்கலாம், பினாங்கில் அதை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அதற்கு முன்னால் பெரிய அதிகாரி ஒன்று கேட்பார் என்று மலாயில் சொன்னார்.

"முதலில் இந்தப் பொய்யைச் சொன்னது யார்? சாட்சியாகப் பதிந்திருக்கும் கிராணி யார்?"

"நாந்தான் துவான். கிராணிக்கு ஒண்ணுந் தெரியாது. நான் சொன்னதத்தான் எழுதுனாரு. இவளுக்கு அப்ப பாஷையே தெரியாது." தமிழில் தொடங்கியதை மலாயில் மறுபடியும் முழுதாகச் சொன்னார். தமிழில் சொன்னதைக் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. கார்டு எழுதிய அன்று தாம் வாயையே திறக்காமல் ஓரமாக நின்றதை மட்டும் விட்டுவிட்டார்.

குமாஸ்தா பெருமூச்சு விட்டு, கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் இரண்டு பெஞ்சு. ஒன்று மனுக் கொடுக்க வந்தவர்களுக்கு. மற்றது, போலீஸ்காரர் நிற்கும் மூலையில், பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு. சன்னாசி பூன்மியின் தோளைத் தொட்டு முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். சோற்றுப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மூலைப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, சட்டைக் கைகளை முழங்கை வரை நிதானமாக மடித்துவிட்டு, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து மடிமேல் வைத்துக்கொண்டார்.