தாள் அசையாத ஐந்து சொற்கள்

மெல்லிய டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தன டோறினின் கைகள். வெட்டிய துண்டை ஒரு சொல் அட்டையின் மேல்விளிம்பில் ஒட்டித் தொங்கவிட்டன. அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்து P சொன்னால் தாள் துள்ள வேண்டும். B சொன்னால் அசையக்கூடாது.

மன்னாரில் பிறந்த டோறினுக்கு, புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மாலையில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பார். அதை எங்கும் படித்ததில்லை. நூலகப் புத்தகமும் கண்ணாடியும்தான். பதினோரு வருடமாயிற்று. இப்போதெல்லாம் வேலை முடிந்து வரும் ரயில் கிளென் ஈடன் நிலையம் வருமுன் தூங்கிவிடுகிறார்.

அட்டைகள் நஜ்வாவுக்கு. சிரியாவில் தாதியாக இருந்தவர், டோறினைவிடப் பத்து வயது மூத்தவர். அரபியில் P இல்லாததால் அவர் வாயில் எல்லாம் B ஆகிவிடும். முதியோர் இல்ல வேலைக்கான தொலைபேசி நேர்காணலில் இரண்டு முறை தோற்றுவிட்டார். மூன்றாவது நாளைக் காலை. டோறின் பதிந்து அனுப்பிய சொற்களை ஆறு வாரமாகச் சமைக்கும்போதும் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லிவந்தார்.

கொடுக்குமுன் டோறின் தானே சொல்லிப் பார்த்தார். ‘பேஷண்ட்’ என்றதும் தாள் துள்ளியது. ‘பில்லோ’ துள்ளியது. ‘ஷாம்பூ’ அசையவில்லை. ‘டெம்பரேச்சர்’ அசையவில்லை.

சோபாவில் கிடந்த கணவர் யேசுராசா சிரித்தார். “என்னப்பா, காத்துப் போயிட்டுதோ?”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.”

அவர் சொல்லியும் தாள் அசையவில்லை.

“நாங்கள் பிறந்ததில இருந்து இப்பிடித்தானே கதைக்கிறம்?”

“ஓம். ‘ம்’முக்குப் பிறகு P வந்தா எங்கட வாய் தானா B ஆக்கிப்போடும். அதைத்தான் அந்த மனிசிக்கு ஆறு கிழமையாப் படிப்பிச்சிருக்கிறன்.”

“விடுமன். இப்ப போய்ச் சொன்னா மனிசி பயந்திடும்.”

டோறின் கண்ணாடி முன் போய் நின்றார். ‘ஷாம்’ என்று நிறுத்தி, உதட்டை மூடிக் காற்றைச் சேர்த்து, ‘பூ’ என்றார். இருபது தடவைக்கு மேல் ஆயிற்று தாள் எழ. அப்படிப்பட்ட ஐந்து அட்டைகளிலும் நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டார். பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகப் பதிந்தார்.

இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் நஜ்வா கதவைத் திறந்தபோது டோறின் வாசலிலேயே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: “சில சொற்களைப் பிழையாகச் சொல்லித் தந்துவிட்டேன். பிழை என் வாயில்.”

நஜ்வா கதவுப்பிடியை விடவில்லை. “நாளை பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள்,” என்றார்.

“தெரியும். ஐந்தே சொற்கள். முடியும்வரை இருக்கிறேன்.”

நஜ்வா கையை நீட்டினார். தாள் கசங்காமல், ஐந்து அட்டைகளையும் டோறின் அதில் வைத்தார்.