சீனி முகம்மதுவின் மனு மேசை

ஜெலுத்தோங் சாலையில் நிற்கும் அந்த மஞ்சள் கட்டடத்தைச் சர்க்கார் கோர்ட்டாகத்தான் கட்டியது. எங்கள் பக்கத்துக் குற்றவாளிகள் போதவில்லையோ என்னவோ, கோர்ட்டைப் பட்டணத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் அது அம்மை குத்தும் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் நில ஆபீஸ். துரை மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகையும் மாறியது. வராந்தாவில் சீனி முகம்மதுவின் மேசை மட்டும் அப்படியே கிடந்தது.

அவர் மனு எழுதுகிறவர். அபராதம் குறைய, அம்மை ஊசிக்குத் தப்ப, நிலவரிக்குத் தவணை வாங்க, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "கண் தெரியாத மனைவியோடும் ஏழு பிள்ளைகளோடும் அல்லற்படும் ஏழை நான்."

"அண்ணே, எம் பொண்டாட்டிக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?" என்று மனு எழுத வந்த சூசை ஒருமுறை பதறினான்.

"அது துரைக்குத் தெரியாதுலா. சும்மா இரு தம்பி."

எனக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மனு பலித்துவிட்டதால் ஏழு பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் சர்க்காருக்கு மறுபடி ஞானோதயம். கட்டடம் இனித் துரைமார் கிளப்பாம். சீட்டாட்ட மேசை உள்ளே வருகிறது, மனு மேசை வெளியே போக வேண்டும். பதினைந்து நாள் கெடு.

அந்த வருஷம்தான் அவர் மனைவி நூர் பீவிக்கு இரண்டு கண்ணும் அடியோடு போயிருந்தது. பிள்ளைகளும் ஏழேதான். வராந்தா போனால் ஒன்பது வயிறும் காயும். மனுஷன் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு மனு எழுதினார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எழுதிய ஒரே நிஜம் அது.

கெடு முடிந்த அன்று பதில் வந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேசையைத் தூக்கிக்கொண்டு அவர் வீடுவரை நான் கூடப் போனேன்.

"என்னாங்க, பதிலு வந்துச்சா?" என்றாள் நூர் பீவி.

ஊரார் கடிதத்தைப் படிப்பதுபோல அவர் உரக்கப் படித்தார்: "கட்டடத்தைக் காலி செய்தபோது மூன்று ஆபீஸ்களின் பழைய மனுக்களும் ஒன்றாக அகப்பட்டன. கண் தெரியாத மனைவியர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாம் ஒரே கையெழுத்து. ஆகையால் இந்த மனு தள்ளப்படுகிறது."

மேசையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நூர் பீவி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"தம்பி, அந்த நானூத்திப் பன்னெண்டுல ஒம் பொண்டாட்டியும் உண்டா?"

"உண்டுக்கா" என்றேன்.