மேல் தட்டில் முளைத்த காளான்

குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மல்லாட்டைப் பருப்பு (நிலக்கடலை) அளவுதான். மழை வந்து உப்பளத்தை மூடட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான்கு மாதம் விட்டேன். நீங்கள் நான்கு நாள்கூட விடாதீர்கள்.

மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். கீமோ முடிந்து தலைமுடி திரும்பியது, கை திரும்பவில்லை. தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போனது.

"இந்தக் கையில வெயிட் தூக்கக் கூடாதும்மா. காயத்துல உப்புத் தண்ணி படவே கூடாது," என்றார் டாக்டர். மரக்காணத்தில் உப்பு வாரியே பிழைத்தவளிடம்! பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

என் நாத்தனார் கலா இரும்பை கிராமத்துப் பக்கம் காளான் பண்ணையில் வேலை செய்கிறாள். "அண்ணி, ரெய்ஷின்னு மருந்துக் காளான் இருக்குது. சவுக்கு மரத்தூளும் மல்லாட்டைத் தோலும் போதும். பை ஒரு கிலோதான், வலது கையாலயே தூக்கிடலாம்," என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா வளருங்க. என்னைக் கேக்காம சாப்பிடாதீங்க. உங்களுக்கு மருந்து நான் குடுக்குற மாத்திரைதான்." அப்படியே செய்தேன்.

முதல் முறை, கலா வருவதற்குள் தூளை ஊறவைத்து இரண்டு கை உப்பையும் போட்டுவிட்டேன். மீனோ மாங்காயோ, கெடாமல் இருக்க உப்புப் போட்டே பழகிய கை. கலா காளான் விதை போட்டுக் கட்டிய பைகள் கெடவில்லைதான். ஒன்றும் முளைக்கவுமில்லை.

விஷயம் தெரிந்ததும், "காளானுக்கு யாராவது ஊறுகா போடுவாங்களா அண்ணி?" என்று கலா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த உடம்பும் அந்தப் பைகளைப் போலத்தான் என்று நினைத்தேன்.

மறுமுறை உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பைகளை டிரம்மில் நீராவியில் அவித்தோம். சில வாரங்களில் பை முழுக்க வெள்ளை இழை ஓடியது. கணவர் ஆறு தட்டு ராக் அடித்தார். கைக்காக ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த, சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியை அந்த ராக்கின் காலிலேயே செய்தேன். மூன்றாம் தட்டில் பல்லைக் கடித்தேன். ஐந்தாம் தட்டில் கணவரைத் திட்டினேன்.

மேல் தட்டில் முதல் காளான் விரிந்தது. செம்பழுப்பு, ஓரம் வெள்ளை. கணவர் ஸ்டூல் கொண்டு வந்தார்.

"எடுத்துட்டுப் போங்க அத!"

இடது கையாலேயே பறித்தேன். கலா கைதட்டினாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள்.

முன்பெல்லாம் உப்பளத்தில் என் நாள் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. புதுப் பைகளும் விளைய ஏறக்குறைய அவ்வளவு நாள் கேட்கின்றன. நேற்று இன்னும் நாற்பது பை கட்டினேன், எல்லாம் மேல் தட்டுக்கு.